ஊர்க்கோழி இறகில் ட்ரௌட்டுக்கு ஃப்ளை கட்டலாமா?

நாவற்குடாப் பொடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கிற சித்தப்பா போன மாதம் வந்தபோது, தான் பாவித்த ஃப்ளை தடியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். ஃப்ளை என்றால் தூண்டில் முள்ளில் இறகு, மயிர் கட்டிப் பூச்சி மாதிரிச் செய்கிற பொய் இரை. ஒன்பது அடி, 5ஆம் நம்பர். ரீல், லைன், ஃப்ளை கட்டுகிற சின்ன வைஸ், நூல் சுற்றுகிற பொபின், 14ஆம் நம்பர் முள் ஒரு பெட்டி, எல்லாம் இருக்கிறது. இறகு, மயிர் வகை மட்டும் ஒன்றுமே இல்லை.

வீடியோக்களில் சொல்கிற சாமான்களில் பாதி நான் கண்ணால் காணாதவை. மான் மயிர், ஃபெசன்ட் வால், மயில் தோகை, மராபு என்கிற பஞ்சிறகு என்று போகிறது பட்டியல். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க நினைத்தால் தபால் செலவே சாமான் விலையைத் தாண்டுகிறது. மாமி வீடு வெலிமடையில். மாசி மாதம் அங்கே போவேன், நுவரெலியாப் பக்கம் அனுமதி எடுத்து, குளிர் தண்ணீர் மீனான ட்ரௌட்டுக்குப் போட்டுப் பார்க்க ஆசை. இங்கே கிடைக்கிற இறகில் ட்ரௌட் எடுக்கிற மாதிரி ஃப்ளை கட்ட முடியுமா? எந்த ஃப்ளையில் தொடங்குவது? அதே தடியால் நம்ம மட்டக்களப்பு வாவியில் கொடுவாவுக்கு வீசலாமா?

சம்மாந்துறை வயல் எழுதியது:

தம்பி, ட்ரௌட் பற்றி எனக்குத் தெரியாது. நான் குளத்தில் விராலுக்கு வீசுகிறவன், சாதாரண ஸ்பின்னிங் தடிதான். ஆனால் மயிர் வேண்டுமென்றால் இறைச்சிக் கடையில் ஆட்டு வால் கேளுங்கள். ஹஜ் பெருநாள் நேரம் என்றால் தோலோடு வேண்டிய அளவு கிடைக்கும். வெள்ளை ஆட்டின் வாலில் இருக்கிற நீள மயிரை முள்ளில் கட்டி நான் விரால் எடுத்திருக்கிறேன். மற்றதை டச்பார் காக்கா வந்து சொல்லுவார், அவர்தான் இதில் ஊறினவர்.

டச்பார் வாசி எழுதியது:

தம்பி, தாராளமாகக் கட்டலாம்.

நான் கல்கரியில் வேலை செய்த காலம் முழுக்க என் சனி ஞாயிறு போ ஆற்றங்கரையில்தான் போனது. ராக்கி மலைப் பனி உருகி வருகிற தண்ணீர், நகரத்துக்கு நடுவாலேயே ஓடும். ரெயின்போ, பிரவுண் என்று இரண்டு ட்ரௌட்டும் அதில் உண்டு. ஊரோடு வந்தபிறகு, அங்கே வாங்கின இறகெல்லாம் முடிந்துபோய், இப்போது கட்டுவது முழுக்க இங்கத்தைய சாமான்தான். மலைநாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதும் அதையேதான்.

முதல் சொல்ல வேண்டியது ஒன்று. வீடியோவில் சொல்கிற சாமானின் பேரைத் தேடி அலையாதீர்கள். அந்தச் சாமான் தண்ணீருக்குள் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். மிதக்குமா, தாழுமா, துடிக்குமா, விறைத்து நிற்குமா? மீனுக்குத் தெரிவது அது மட்டும்தான். என் மேசையில் எப்போதும் ஒரு கிளாஸ் தண்ணீர் இருக்கும். புதிதாக எந்த இறகு, மயிர் கைக்கு வந்தாலும் ஒரு கிள்ளு எடுத்து முள்ளில் கட்டி, நூலில் தொங்கவிட்டு அந்தக் கிளாஸுக்குள் மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பேன். கோழியின் வயிற்றுப் பக்கத்துப் பஞ்சு இறகை அப்படிப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் ஒட்டிச் சுருங்கும், நூலை இழுத்து விட்டதும் விரிந்து மூச்சு விடும். மராபுக்கு இருக்கிற குணமே அதுதான். இப்போது கடையில் மராபு என்று விற்பதும் வான்கோழிப் பஞ்சுதான், மராபு நாரை இறகு அல்ல.

சேவல் இறகுக்கு நீங்கள் தயங்கவே தேவையில்லை. ரோமர் காலத்துக் குறிப்பு ஒன்றில், மக்கெடோனியாவில் மீன்பிடிகாரர் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழே வளர்கிற இறகு இரண்டைக் கட்டினார்கள் என்று இருக்கிறது. ஏறக்குறைய 1800 வருடப் பழக்கம் அது. இன்றைக்கும் மேலே மிதக்கிற ஃப்ளைக்கு உயிர் சேவல் கழுத்திறகுதான்.

ஆனால் எந்தச் சேவல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடையில் உரிக்கிற வெள்ளை பிராய்லர் உதவாது. சில வாரக் குஞ்சு அது, இறகு முற்றவே இல்லை. ஊர்ச் சேவல், அதிலும் ஒரு வருடத்துக்கு மேலே நின்றதாக இருக்க வேண்டும். கழுத்துப் பக்கத்து இறகைப் பிடுங்கி நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலால் தடவி, கிளைகளை நிமிர்த்திக் கன்னத்தில் குத்திப் பாருங்கள். சுருக்கென்று குத்தினால் அது மிதக்கிற ஃப்ளைக்கு. மெத்தென்று மடிந்தால் தாழ்கிற ஃப்ளைக்கு. பேட்டின் முதுகு இறகு எப்போதும் இரண்டாவது வகை. அதையும் எறிந்துவிடாதீர்கள், என் பெட்டியில் அதிகம் செலவாவது பேட்டு இறகுதான்.

அளவு ஒன்றையும் மனதில் வையுங்கள். மிதக்கிற ஃப்ளைக்கு இறகுக் கிளையின் நீளம், முள்ளின் வாய் அகலத்தை, அதாவது தண்டுக்கும் கூருக்கும் இடைவெளியை, போல ஒன்றரை மடங்கு. அதற்குமேல் நீண்டால் ஃப்ளை தண்ணீரில் சரிந்து படுக்கும். 14ஆம் நம்பருக்கு வேண்டிய இறகு மிகச் சின்னது. சேவலின் தலைக்கு மிகக் கிட்ட, கொண்டைக்குப் பின்பக்கம் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.

மறுகா, இறகைக் கொண்டுவந்த அன்றே பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் கொஞ்சம் விட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசுங்கள். நிழலில் காயவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள். பேன், அந்துப்பூச்சி முட்டை எல்லாம் சாகட்டும். நம்ம ஊர் ஈரப்பதத்தில் இதைச் செய்யாமல் பெட்டியில் வைத்தால் மாரி முடியுமுன் பூச்சி தின்றுவிடும்.

மான் மயிரும் மயில் தோகையும் வேண்டாம். மானும் நம்ம நாட்டுக் காட்டுக்கோழியும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அம்பாறைப் பக்கத்து வயலில் மயில் தோகை உதிர்ந்து கிடக்கும், ஆசையாகத்தான் இருக்கும். நான் தொடுவதில்லை. ஒரு ஃப்ளைக்காக அந்தச் சீவன்களின் இறகுக்கு விலை ஏறுவதை நான் விரும்பவில்லை. மான் மயிருக்குள் காற்று நிற்கிறபடியால்தான் அது மிதக்கும், ஆட்டு மயிருக்கு அந்தக் குணம் இல்லை. அதனால் மிதப்புக்கு, புத்தகக் கடையில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கிற ஃபோம் தாளை மெல்லிய நாடாவாக வெட்டி முதுகில் வைத்துக் கட்டுங்கள். எத்தனை தரம் நனைந்தாலும் மேலேயே நிற்கும். மயில் தோகையின் பச்சை மினுக்கம் வேண்டுமென்றால் கறுத்தச் சேவலின் வாலைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

எந்த ஃப்ளையில் தொடங்குவது என்று கேட்டீர்கள். எல்லோரும் முதல் மிதக்கிற ஃப்ளையைத்தான் கட்டப் போவார்கள், பார்க்க வடிவு. நான் தாழ்கிறதில் தொடங்கச் சொல்வேன். ட்ரௌட் தின்பதில் பெரும்பங்கு தண்ணீருக்கு அடியில்தான். மேஃப்ளை என்கிற பூச்சி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கல்லுக்கு அடியில் புழுவாகக் கழிக்கிறது. செட்டை முளைத்து வெளியே வந்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோதான். எந்த நேரமும் மீனின் முன்னால் இருப்பது புழு. அதைக் கட்டுங்கள்.

இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃப்ராங்க் சோயர் என்பவர் கட்டினது ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். நிம்ஃப் என்றால் அந்தப் புழுதான். அதில் நூலே கிடையாது. இரண்டே சாமான்: மெல்லிய செப்புக் கம்பி, ஃபெசன்ட் பறவையின் வால் இறகுக் கிளை. செப்புக் கம்பி பழுதான சின்ன மோட்டாரில் இருந்து வரும், எந்த ஃபேன் திருத்துகிற கடையிலும் கேட்கலாம். தலைமயிர் அளவு மெல்லியது வேண்டும். ஃபெசன்டுக்குப் பதில் வான்கோழி வால், கபில நிறம். எங்கள் பக்கம் வான்கோழி வளர்க்கிற வீடுகள் இருக்கின்றன, உதிர்ந்த இறகைச் சும்மாவே தருவார்கள்.

கட்டுகிற விதம் இப்படி. முள்ளின் கூருக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கிற பின்செதிளைக் குறட்டால் நசுக்கிவிட்டு வைஸில் பூட்டுங்கள். முள்ளின் கண்ணுக்கு (நூல் கோர்க்கிற துளை) சற்றுப் பின்னாலிருந்து வளைவு வரை கம்பியைச் சுற்றி, மறுபடி முன்னுக்கு வந்து, நெஞ்சுப் பகுதியில் மட்டும் சில சுற்றுக் கூடச் சுற்றிச் சின்னத் திரட்சி ஒன்று வையுங்கள். பூச்சிக்கும் அந்த இடம்தான் தடிப்பு, ஃப்ளை தாழ்வதும் அந்தப் பாரத்தால்தான். கம்பியைத் திரும்பப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். இறகிலிருந்து நாலு கிளையை நுனி ஒத்துவரப் பிடித்து வெட்டி, நுனி சற்று வெளியே நிற்கும்படி கம்பியால் கட்டுங்கள், அது வால். இப்போது கிளைகளையும் கம்பியையும் ஒன்றாக முறுக்கிச் சேர்த்தே முன்னுக்குச் சுற்றி வாருங்கள். வெறும் கிளையைச் சுற்றினால் ட்ரௌட்டின் பல் பட்டு முதல் மீனிலேயே அறுந்துவிடும், கம்பியோடு முறுகினது தாங்கும். நெஞ்சுக்கு வந்ததும் கம்பியைப் பிரித்து எடுத்து, கிளைகளை நெஞ்சின் மேலாகப் பின்னுக்கும் முன்னுக்கும் மடித்து மடித்துக் கட்டினால் செட்டை மூடி தயார். கண்ணுக்குப் பின்னால் கம்பியை நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கி வெட்டிவிடுங்கள்.

முதல் கட்டுகிறவை தடிப்பாகத்தான் வரும், கவலை வேண்டாம். கிளாஸுக்குள் போடுங்கள். நேரே தாழ்ந்தால் அது மீன் பிடிக்கும்.

நாவற்குடாப் பொடியன் எழுதியது:

அங்கிள், மிக்க நன்றி. அம்மாவின் வளவில் ஒரு சிவப்புச் சேவல் நிற்கிறது, கண் வைத்துவிட்டேன். வாவி பற்றிச் சொல்லவில்லையே? ட்ரௌட்டை நம்ம பக்கம் குளத்தில் விட்டு வளர்க்க முடியாதா என்று கூட்டாளி ஒருவன் கேட்கிறான்.

டச்பார் வாசி எழுதியது:

வளர்க்க முடியாது. தண்ணீர் சூடேற ஏறப் பிராணவாயு அதில் குறைந்துகொண்டே போகும். 10 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடிக்கும், 30 பாகையில் ஏழரை மட்டும்தான். ட்ரௌட் 18 பாகைக்குக் கீழே சுகமாக இருக்கும், 25ஐத் தாண்டினால் நின்றுபிடிக்காது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் ஆங்கிலேயர் அதை இங்கே கொண்டுவந்தபோது நுவரெலியா, ஹோட்டன் சமவெளி என்று மலை உச்சியில் கொண்டுபோய் விட்டார்கள். இத்தனைக்கும் செங்கலடியில் தொடங்குகிற அதே ஏ5 வீதிதான் பதுளை, வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குப் போகிறது. ஒரே வீதி, இந்த முனையில் விரால், அந்தப் பக்கம் ட்ரௌட்.

வாவிக்கு வருவோம். 5ஆம் நம்பர் தடியால் மணலைக் குஞ்சு, சின்னப் பாரை, குளத்தில் திலாப்பியா எல்லாம் சந்தோசமாகப் பிடிக்கலாம். கொடுவாவுக்கு வேண்டாம். வளர்ந்த கொடுவா தூணுக்குள்ளும் கண்டல் வேருக்குள்ளும் ஒரே இழுவையில் போகும், அதைத் திருப்புகிற முதுகு அந்தத் தடிக்கு இல்லை. மீனும் தொண்டையில் முள்ளோடு அறுத்துக்கொண்டு போய்விடும், அது பாவம். கொடுவாவுக்கு 8ஆம் நம்பர், 1/0 அல்லது 2/0 முள். வாய் அரம்போல, செவுள் மூடியின் ஓரம் கத்தி, ஆகையால் கடைசி ஓரடிக்குத் தடித்த தங்கூசி, 0.60 மில்லிமீற்றர் வேண்டும். ட்ரௌட்டுக்கு நீங்கள் கட்டப்போகிற 5எக்ஸ் நுனி நூல் வெறும் 0.15தான்.

கொடுவாவுக்கு நான் கட்டுவது க்ளௌசர் மினோ. பென்சில்வேனியாவில் பாப் க்ளௌசர் என்பவர் 1980களில் ஆற்று பாஸ் மீனுக்குக் கட்டினது, இன்றைக்கு உப்புத் தண்ணீரில் அதற்கு நிகரில்லை. முள் தண்டின் மேல்பக்கம் பாரமான கண் இரண்டைக் கட்டுவதால் ஃப்ளை கவிழ்ந்து, முள்ளின் கூர் மேலே பார்த்தபடி போகும். சாதாளைக்குள்ளும் சிப்பிக்குள்ளும் மாட்டுவது குறைவு. கண்ணுக்கு, கை கழுவுகிற பேசின் அடைப்பானில் தொங்குமே குண்டுச் சங்கிலி, அதில் இரண்டு குண்டை வெட்டி, நூலை எட்டு வடிவில் சுற்றிக் கட்டுங்கள். மயிருக்குச் சம்மாந்துறைத் தம்பி சொன்ன ஆட்டு வால் மிகத் திறம். வெள்ளை அடியில், கொஞ்சம் பச்சைச் சாயம் போட்டது மேலே, நடுவில் பழைய சேலைக் கரையின் சரிகை இழை இரண்டு. கிளாஸுக்குள் அல்ல, வாளிக்குள் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது ஒடுங்கி, நிறுத்தினதும் தலை குத்தித் தாழும். அடிபட்ட மணலைக் குஞ்சு அப்படியேதான் போகும். கொடுவா அடிப்பது அநேகமாக அந்த நிறுத்தத்தில்.

தண்ணீருக்குள் இறங்கி நின்று வீசாதீர்கள். கனடாவில் இடுப்பளவு ஆற்றில் நிற்பது இந்தக் கலையில் பாதி, ஆனால் நம்ம வாவியிலும் அம்பாறைக் குளங்களிலும் முதலை உண்டு. கரையில், அல்லது தோணியில். பொழுது பட்டபின் கரையோரமும் வேண்டாம்.

உப்புத் தண்ணீருக்குப் பாவித்த ரீலை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உங்கள் ரீல் ஆற்றுக்குச் செய்தது, உப்பு உள்ளே போனால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

வெலிமடைக்காரி எழுதியது:

தம்பி, மாசி மாதம் வருவது நல்லது, இங்கே மழை குறைந்த காலம், ஓடை தெளிவாக இருக்கும். வைகாசிக்குப் பிறகு மழை பெய்தால் மரக்கறித் தோட்டத்து மண் எல்லாம் ஓடையில்தான். விடிய மிகவும் குளிரும், தடித்த ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். முக்கியமாக ஒன்று: நிறைய ஓடைகள் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் போகின்றன. தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் இறங்க வேண்டாம். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, அங்கே அனுமதி இல்லாமல் தூண்டிலோடு போகவே கூடாது. அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ட்ரௌட் பார்த்திருக்கிறேன், பக்கம் முழுக்க இளஞ்சிவப்புக் கோடு ஓடும், அவ்வளவு வடிவான மீன்.

டச்பார் வாசி எழுதியது:

தங்கச்சி சொன்னது சரி. அனுமதி கையில் இல்லாமல் மலை ஏற வேண்டாம் தம்பி. பிடித்த மீனைக் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், காய்ந்த கை அதன் மேல்பூச்சை உரித்துவிடும். தண்ணீருக்கு வெளியே அதிக நேரம் வைத்திருக்காமல், தலையை நீரோட்டத்துப் பக்கம் பிடித்து, அது தானாகத் துடித்துப் போகும்வரை தாங்குங்கள். அந்த ஓடைகளில் மீன் நிறைய இல்லை. முள்ளின் பின்செதிளை நசுக்கச் சொன்னதும் மீனைக் காயமில்லாமல் திரும்ப விடத்தான்.

நாவற்குடாப் பொடியன் எழுதியது:

கட்டாயம் அங்கிள். கடைசியாக ஒன்று. வீச்சு எங்கே பழகுவது? கல்லடிக் கடற்கரையில் நேற்றுப் பின்னேரம் முயன்றேன், லைன் முழுக்க என் கழுத்தில்.

டச்பார் வாசி எழுதியது:

கடற்கரை வேண்டாம், மணல் லைனின் மேல்பூச்சை அராவிவிடும். புல் மைதானத்துக்குப் போங்கள். அதுவும் விடிய ஆறு, ஆறரைக்கு. பின்னேரம் கடற்காற்று, வைகாசி தொடங்கினால் கச்சான், எதுவும் பழகுகிறவனுக்கு உதவாது.

முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். கல் எறிகிற மாதிரி எறிய நினைக்காதீர்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயம் போகும், நூல் பின்னால் போகும். இதில் பாரம் லைனில் இருக்கிறது, ஃப்ளைக்குப் பாரமே இல்லை. ஆகையால் தடியை முன்னே கொண்டுவருமுன் லைன் உங்கள் பின்னால் நீட்டி விரிந்திருக்க வேண்டும். மணிக்கூட்டில் பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே தடி நிற்கட்டும், அதற்குப் பின்னால் சாய விடாதீர்கள். ஒன்றில் நிறுத்தி, தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். லைன் நேராகி முடிகிற அந்தக் கணத்தில் தடி மெல்ல இழுபடுவது கையில் தெரியும். அப்போது முன்னே வாருங்கள். கழுத்தில் விழுந்ததற்குக் காரணம், அந்த இழுப்புக்கு முன்னமே நீங்கள் முன்னே வந்ததுதான். முதல் கொஞ்ச நாள் லைனில் இருபது அடிக்குமேல் வெளியே விடாதீர்கள். ட்ரௌட் ஓடைக்கு அதற்குமேல் தேவையும் இல்லை.

காற்று அடித்தால், அது உங்கள் இடது தோளில் படுகிற மாதிரி திரும்பி நில்லுங்கள், நீங்கள் வலது கைக்காரர் என்றால். அப்போது லைன் உங்களை விட்டு விலகிப் போகும். முள் கட்டின பிறகு கண்ணாடி போடாமல் ஒரு வீச்சும் வேண்டாம்.

சேவலின் கழுத்திறகு கிடைத்ததும் பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். 14ஆம் நம்பர் முள்ளுக்கு வருமா, சற்றுப் பெரிய 12க்குப் போக வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.